பதிவு நிறுவனம் மாறினால் பாடகியின் குரலும் மாறுமா? அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் கொலம்பியா நிறுவனத்தில் பாடியவையும் அட்லாண்டிக் நிறுவனத்தில் பாடியவையும் ஏன் இரண்டு பேர் பாடியதுபோல் இருக்கின்றன?

பாட்டை விட்டுவிட்டுப் பியானோவை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். யார் வாசிக்கிறார், எப்போது நிறுத்துகிறார் என்று கவனித்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதியில் என் சொந்தக் கதை கலந்திருக்கிறது. வேண்டாதவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

இப்படி ஒரு கேள்வியை வெறும் ரசிகர் கேட்க மாட்டார் என்பது என் ஊகம். நீங்களும் பாடுகிறவர். கையெழுத்துப் போட்ட இடத்தில் மனம் ஒட்டவில்லை, வேறு இடம் போனால் விடியுமா என்று பார்க்கிறீர்கள். தவறாக ஊகித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் இசை விமர்சகர் இல்லை. அமெரிக்காவை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிறிஸ்தவ உபதேசியாரின் மகள். பன்னிரண்டு வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் (சர்ச்சைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) ஹார்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தவள், ஐம்பத்தெட்டு வயதிலும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் 1985 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு கேசட்டில்தான் அரீத்தாவை முதலில் கேட்டேன். ஆங்கிலம் பாதி புரியவில்லை. ஆனால் பாடுகிறவரே வாசிக்கிறார் என்பது முதல் பாட்டிலேயே புரிந்துவிட்டது. அது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

அரீத்தாவும் போதகர் மகள். தந்தை சி. எல். ஃபிராங்க்ளின் டெட்ராய்ட் நகரின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபையில் போதகர். அவருடைய பிரசங்கங்களே இசைத்தட்டாக வந்து விற்றன. அரீத்தாவின் முதல் பதிவும் அந்தச் சபையில் வைத்து 1956இல் நடந்ததுதான். வயது 14. வெளியிட்டது ஒரு சின்ன உள்ளூர் நிறுவனம். பியானோ வாசித்தது அவரேதான். ஆகவே கொலம்பியாவிலிருந்து கதையைத் தொடங்குகிறவர்கள் ஒரு படியை விட்டுவிடுகிறார்கள்.

கொலம்பியா அவரை எடுத்துக்கொண்டது 1960இல். எடுத்தவர் சாதாரண ஆள் இல்லை, ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் முதல் பதிவுகளைச் செய்த ஜான் ஹேமண்ட். அடுத்த ஆறு ஆண்டுகளில் ஜாஸ், ப்ளூஸ், நாடகமேடைப் பாட்டு, வயலின்கள் சூழ்ந்த மெல்லிசை என்று எல்லாவற்றையும் பாட வைத்தார்கள். 1964இல் பாடகி டைனா வாஷிங்டனுக்கு அஞ்சலியாக ஒரு முழு ஆல்பம் கூட வந்தது. விற்பனை என்னவோ சுமார்தான். அமெரிக்கப் பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு இதழின் பொதுப் பட்டியலில் 1961இல் எட்டிய 37ஆம் இடம்தான் அந்தக் காலத்தின் உச்சம்.

இங்கே யாராவது வந்து, "கொலம்பியாவிலும் அவர் பியானோ வாசித்திருக்கிறாரே அம்மா" என்று எழுதுவார்கள். தெரியும். முதல் ஆல்பத்திலேயே சில பாடல்களுக்கு அவர்தான் பியானோ. அந்தப் பாடல்களைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், அட்லாண்டிக்கில் அவர் பெயர் எடுத்த 1967 அங்கேயே எட்டிப் பார்க்கிறது. கொலம்பியாப் பாடல்கள் குப்பை என்றும் நான் சொல்லவில்லை. அங்கே அவர் பாடிய 'ஸ்கைலார்க்' ஒன்று போதும், குரல் அப்போதே முழுதாக இருந்தது என்பதற்கு. ஆனால் பெரும்பாலான பதிவுகளில் வாத்தியக்காரர்களுக்கு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த அளவுக்குத் தைத்த சட்டைக்குள் குரல் நுழைய வேண்டியிருந்தது.

சட்டை பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

1994இல் சென்னையில் ஒரு கேசட் நிறுவனம் (பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை) பத்துக் கீர்த்தனைகள் பாட என்னை அழைத்தது. அசனப் பண்டிகையில் (எங்கள் சபையின் விருந்துத் திருநாள்) நான் பாடியதை யாரோ கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஹார்மோனியத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். "அங்கே இல்லாத வாத்தியமா அக்கா?" என்று தம்பி சிரித்தான்.

போனால், டிராக் எல்லாம் தயார். தாளம், பேஸ், வயலின் ஓசைக்கு ஒரு கீபோர்டு. "நீங்கள் பாடினால் போதும்மா, வாசிக்க ஆள் இருக்கிறது" என்றார் இசையமைப்பாளர். எனக்கு ஐந்து கட்டை சுருதிதான் வசதி. டிராக் அதற்கு மேலே ஆறு கட்டையில் இருந்தது. மாற்ற முடியாதாம். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றேன். கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. வாசித்துக்கொண்டே பாடுகிறவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அடுத்த அடியை எப்போது எடுப்பது என்பதைக் கை முடிவு செய்யும். மூச்சு போதாவிட்டால் மிச்சச் சங்கதியை விரல் பார்த்துக்கொள்ளும். சபையில் ஒரு கிழவி அழ ஆரம்பித்தால் அதே வரியை இன்னும் இரண்டு தடவை சுற்றிவரலாம். டிராக் எதற்கும் காத்திருக்காது. ஒன்பது பாட்டை அந்தப் பொம்மையின் பின்னால் ஓடி ஓடிப் பாடி முடித்தேன். கேசட் வந்ததும் அப்பா ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். "நல்லா இருக்கு. இது யாரு பாடினது?" என்றார். கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார்.

அதனால்தான் அலபாமா மாநிலத்து மஸில் ஷோல்ஸ் ஊரில் நடந்த கதையைப் படித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கொலம்பியா ஒப்பந்தம் முடிந்ததும் 1966 கடைசியில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் அரீத்தாவைச் சேர்த்துக்கொண்டார். 1967 ஜனவரியில் அந்த ஊரில் ரிக் ஹால் நடத்திய ஃபேம் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். வாசித்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் வெள்ளை இளைஞர்கள். அரீத்தா நேராகப் பியானோவில் போய் உட்கார்ந்தார். 'ஐ நெவர் லவ்ட் எ மேன்' பாட்டுக்குள் எப்படி நுழைவது என்று மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை. ஸ்பூனர் ஓல்டம் வுர்லிட்சர் மின்பியானோவில் தடவித் தடவி ஒரு சின்னத் துணுக்கைக் கண்டுபிடித்தார். பிறகு எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு அரீத்தாவின் பின்னால் போனார்கள். யார் யார் பின்னால் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். என் ஸ்டுடியோவில் நடந்ததற்கு நேர் எதிர்.

அன்றே எல்லாம் கெட்டும் போனது. அரீத்தாவின் கணவர் டெட் வைட்டுக்கும் ஒரு டிரம்பெட் கலைஞருக்கும் வாய்த்தகராறு. இரவு ஓட்டலில் ரிக் ஹாலோடு கைகலப்பு வரை போனது. அரீத்தா கிளம்பிவிட்டார். கையில் மிஞ்சியது ஒரு முழுப் பாட்டும் 'டூ ரைட் வுமன்' என்ற அரைப் பாட்டும். அந்த அரைப் பாட்டை நியூயார்க்கில் முடித்தார்கள். பியானோவையும் ஆர்கனையும் அரீத்தாவே சேர்த்தார். சகோதரிகள் எர்மாவும் கரோலினும் பின்பாட்டு. அலபாமா வாத்தியக்காரர்களை வெக்ஸ்லர் நியூயார்க்குக்கே வரவழைத்தார். பிப்ரவரி 14ஆம் தேதி 'ரெஸ்பெக்ட்' பதிவானது. பாடகர் ஓடிஸ் ரெடிங் 1965இல் பாடிய பாட்டுதான். ஆனால் அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உடைத்துச் சொல்கிற இடம் ஓடிஸ் பாடியதில் கிடையாது. அது அரீத்தா சேர்த்தது. ஜூன் மாதம் இரண்டு வாரம் பில்போர்டில் முதலிடம்.

அவரைக் கோயிலுக்குத் திருப்பி அழைத்துப்போய்ப் பியானோவில் உட்கார வைத்தது தான்தான் என்று வெக்ஸ்லர் பின்னாளில் சொல்லிக்கொண்டார். எனக்கு அதில் சின்னக் கோபம் உண்டு. அந்தக் கோயிலை அவரா கட்டினார்? அது டெட்ராய்ட்டிலிருந்தே கூட வந்தது. ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வழியிலிருந்து விலகி நிற்கத் தெரிந்த தயாரிப்பாளர்கள் குறைவு. அவருக்குத் தெரிந்திருந்தது.

அட்லாண்டிக் என்ற பெயரில் மந்திரம் எதுவும் இல்லை. சாம் அண்ட் டேவ் இரட்டையரைப் பாருங்கள். ஒப்பந்தம் அட்லாண்டிக்கோடு, பதிவு மட்டும் மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில். 1968இல் இரண்டு நிறுவனங்களும் பிரிந்தன. பாட்டு எழுதிய ஐசக் ஹேஸும் டேவிட் போர்ட்டரும், வாசித்த புக்கர் டி குழுவும் ஸ்டாக்ஸிலேயே தங்கிவிட்டார்கள். சாமும் டேவும் அட்லாண்டிக்குக்குத் திரும்பினார்கள். பழைய வெற்றி திரும்பவில்லை.

இன்னொன்று. 1967இல் அரீத்தா பெயர் எடுத்ததும் கொலம்பியா அலமாரியைத் திறந்து பழைய பதிவுகளைப் புது அட்டை போட்டு விற்றது. நீங்கள் இணையத்தில் கேட்டுக் குழம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். வெளியான வருடத்தைப் பார்க்காதீர்கள், பதிவான வருடத்தைத் தேடுங்கள்.

1980இல் அரீத்தா அரிஸ்டா நிறுவனத்துக்குப் போனதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. 1985இல் 'ஃப்ரீவே ஆஃப் லவ்' பில்போர்டில் மூன்றாம் இடம், 1987இல் ஜார்ஜ் மைக்கேலோடு பாடியது முதலிடம். சிந்தசைசர், இயந்திரத் தாளம், அதன் மேல் குரல். நன்றாகத்தான் இருக்கிறது, விற்றும் இருக்கிறது. எனக்குத்தான் அந்தத் தாளத்தைக் கேட்டால் சென்னைக் கண்ணாடி அறை ஞாபகம் வருகிறது.

இயந்திரத் தாளம் என்றதும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் கால் மிதி ஆர்கனை மூலையில் தள்ளிவிட்டு, பொத்தானை அழுத்தினால் தானாகக் கொட்டும் கீபோர்டு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். அடக்க ஆராதனையில் கூட அந்தப் பையன் தாளத்தை அணைப்பதில்லை. கமிட்டியில் கேட்டேன். "இளைஞர்கள் வர வேண்டாமா?" என்கிறார்கள். சவப்பெட்டியின் பக்கத்தில் ஜிங்சக்கென்று அடித்தால் எந்த இளைஞன் வருவான்? போகட்டும், உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒன்பது பாட்டு என்று சொன்னேன், பத்தாவதைச் சொல்லவில்லை. அன்று கீபோர்டுக்காரர் வரவில்லை, டிராக் தயாராகவில்லை. "இப்போதைக்கு நீங்களே வாசித்துப் பாடிவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்கிறோம்" என்றார்கள். போர்வையைப் பிரித்து ஹார்மோனியத்தை எடுத்து ஒரே மூச்சில் பாடினேன். பிறகு ஹார்மோனியத்தை எடுத்துவிட்டுக் கீபோர்டு போட்டார்கள். ஆனால் என் குரலுக்கு வைத்த மைக்கில் துருத்தியின் மூச்சும் விழுந்திருந்தது. அதை அவர்களால் பிரித்தெடுக்க முடியவில்லை. பி பக்கம், மூன்றாவது பாட்டு. சத்தத்தைக் கூட்டி வைத்தால் வரிகளுக்கு நடுவே புஸ், புஸ் என்று கேட்கும். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "இது நீ" என்றார்.

சரிபார்த்துவிட்டு எழுதலாம் என்று நேற்று கேசட்டை எடுத்தேன். டேப் ரெக்கார்டரின் பெல்ட் அறுந்து கிடக்கிறது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இன்னும் பெல்ட் விற்கிற கடை இருந்தால், தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.