கேள்வி – பதில்: மை பிதுங்காமல் எழுத்தை அழுத்திப் பதிப்பது எப்படி?

கேள்வி: கல்யாண அழைப்பிதழை டிரெடில் மெஷினில் (மேடான எழுத்தில் மை பூசி, தாளை அதன்மீது அழுத்தும் சிறு அச்சு இயந்திரம்) அச்சிடுகிறோம். எழுத்து குழிந்து தெரியட்டும் என்று அழுத்தத்தைக் கூட்டினால், எழுத்தைச் சுற்றி மை பிதுங்கிக் கரை கட்டுகிறது. தாளின் பின்பக்கமும் புடைக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். கரை கட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் மை பூசும் ரோலர்தான். அது இறங்கி ஓடினால் எழுத்தின் முகத்தோடு நிற்காமல் ஓரச் சரிவிலும் மை பூசிவிடும். அழுத்தும்போது அதுவும் தாளில் ஏறும். அச்செழுத்தின் உயரமான 0.918 அங்குலத்துக்குக் கடைந்த அளவுக்கட்டையை வைத்து ரோலரைத் தொடவிடுங்கள். விழும் மைக்கோடு 2 முதல் 3 மி.மீ. அகலம் இருந்தால் போதும். கூடினால், ரோலர் சக்கரம் ஓடும் இரு தண்டவாளங்களிலும் ஒவ்வொரு சுற்றாக டேப் ஒட்டிப் பாருங்கள். மையையும் குறையுங்கள். மைத்தட்டில் ரோலர் ஓடும்போது சன்னமாகச் சீறினால் அளவு சரி. பிசுபிசுவென்று ஒட்டிப் பிரிந்தால் அதிகம். குழிவில் நிழல் விழுவதால், குறைந்த மையும் அழுத்தமாகவே தெரியும்.

புடைப்புக்குக் காரணம் மெத்தென்ற பேக்கிங், அதாவது அச்சிடும் தாளுக்குப் பின்னால் வைக்கும் அடுக்கு. அதை எடுத்துவிட்டுக் கெட்டியான பிரஸ் போர்டு வையுங்கள். பிறகு ஒவ்வொரு மெல்லிய தாளாகச் சேர்த்து அழுத்தத்தைக் கூட்டுங்கள். தாள் பூச்சில்லாத பருத்தித் தாளாக இருக்கட்டும். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாளில் மிதமாகத்தான் அழுத்தலாம். நல்ல ஆழம் வேண்டுமானால் 600 எடுங்கள்.

ஈய எழுத்துகளை இப்படி அழுத்தாதீர்கள், முகம் தேய்ந்துவிடும். அவை மெல்லத் தொட்டுப் பதிக்கவே வார்க்கப்பட்டவை. ஆழத்துக்குப் பாலிமர் பிளேட்தான் (ஒளி பட்ட இடம் இறுகி, மற்றதைக் கழுவி நீக்கியதும் எழுத்து மேடாக நிற்கும் பிளாஸ்டிக் தகடு) ஏற்றது. ஆனால் தமிழுக்கு அதிலும் ஓர் ஆபத்து உண்டு: தனித்து நிற்கும் புள்ளி 1 பாயின்டுக்கு (சுமார் 0.35 மி.மீ.) குறைந்தால் பிளேட்டைக் கழுவும்போதே உதிர்ந்துவிடலாம். 'கண்ணன்' என்ற பெயர் 'கணணன' ஆகிவிடும்! பிளேட் கைக்கு வந்ததும் லென்ஸ் வைத்து மெய்யெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ண, ணை போன்றவற்றின் சுழிகள் அடைபடாமலிருக்க எழுத்தின் அளவையும் சற்றே கூட்டுங்கள்.

கேள்வி: கருநீலத் தாளில் வெள்ளை மை எடுபடுமா?

பதில்: எடுபடாது. மைப்படலம் மெல்லியது, அடியிலுள்ள நீலம் தெரிந்து சாம்பலாகிவிடும். வெள்ளை ஃபாயில் (சூட்டில் அழுத்தி ஒட்டும் மெல்லிய நிறப்படலம்) ஒட்டுங்கள். மைதான் வேண்டுமென்றால் வெள்ளி மையை, முதல் பூச்சு உலர்ந்தபின் தாளை அதே இடத்தில் பொருத்தி, இரண்டு தரம் அடியுங்கள்.