சத் பூஜை: சூரியனும் சஷ்டியும்

அன்புள்ள ஐயா,

நான் சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்களிடம் வேலை செய்யும் பீகார் தொழிலாளர்கள் தீபாவளிக்குக்கூட விடுப்புக் கேட்டதில்லை. ஆனால் 2025 அக்டோபரில் சத் பூஜைக்கு என்று நான்கு நாள் விடுப்பு வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்கள். ஊருக்கு டிக்கெட் கிடைக்காத சிலர் இங்கே கடற்கரையிலேயே பூஜை செய்தார்கள்; அழைத்தார்கள் என்பதால் மாலையில் நானும் போனேன். பெண்கள் முழங்காலளவு நீரில் கையில் முறத்தோடு நின்றார்கள். எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நகரத்துக் கட்டடங்களைப் பார்த்து நின்றதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. சூரியன் மறைகிற திசை அது என்பது சற்று நேரம் கழித்தே உறைத்தது.

சூரியனுக்கான விழாவில் மறைகிற சூரியனை முதலில் வணங்குவது ஏன்? பாட்டுகளில் எல்லாம் ஓர் அம்மனின் பெயர் வருகிறதே, அப்படியானால் விழா யாருக்கு? கரும்பையும் மஞ்சள் கொத்தையும் பார்த்தால் இது வடநாட்டுப் பொங்கல் என்றே தோன்றுகிறது, அப்படிச் சொல்லலாமா? மறுநாள் விடியற்காலையும் வரச் சொன்னார்கள். கூச்சத்தால் போகவில்லை.

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பொருட்களை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். தோகையோடு கரும்பு, வேரோடு பிடுங்கிய மஞ்சள், வாழைத்தார், தேங்காய், வெல்லம் போட்டுப் பொங்கிய அரிசி, புதிய மண் அடுப்பு என்று அத்தனையும் நம் தை முதல் நாள் வாசலில் இருப்பவை. ஆனால் பொங்கல் நெல் வீடு வந்து சேர்ந்த பின் வருவது. சத் வரும் நாட்களில் பீகாரின் நெல் பெரும்பாலும் வயலில்தான் நிற்கும். கோதுமை இனிமேல்தான் விதைக்கப்பட வேண்டும். பொங்கலன்று நாம் வணங்கும் சூரியன் வடக்கு நோக்கி ஏறத் தொடங்கிவிட்ட சூரியன். சத் பெரும்பாலும் ஐப்பசியில் வருகிறது. ஐப்பசியில் சூரியன் நீசம், அதாவது வலுவிழந்த நிலை, என்பது நம்மூர்ச் சோதிடர்களும் சொல்வது. வெயில் தளர்ந்து, கங்கைச் சமவெளி இன்னும் சில வாரங்களில் மூடுபனிக்குள் போகவிருக்கும் காலம் அது. விளைந்து வந்ததை நாம் பொங்கி, படைத்து, உண்டு மகிழ்கிறோம். அவர்கள் இன்னும் கைக்கு வராததற்காக, குறிப்பாகப் பிள்ளைகளின் உயிருக்காக, உண்ணாமல் நிற்கிறார்கள். அதனால் இதை வடநாட்டுப் பொங்கல் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இதைவிட நெருங்கிய உறவு ஒன்று நம்மிடம் இருக்கிறது. நீங்கள் கடற்கரையில் நின்ற 2025 அக்டோபர் 27 மாலையில்தான் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் நடந்தது. இது தற்செயலன்று. தீபாவளி அமாவாசையை அடுத்த வளர்பிறையின் ஆறாம் திதிதான் இரண்டுக்கும் உரிய நாள். நமக்கு அது கந்த சஷ்டி; அவர்களுக்குச் சத். செய்தித்தாள்கள் ‘சத்’ என்று எழுதினாலும் அவர்கள் வாயில் அது ‘சட்’ என்றுதான் ஒலிக்கும். சஷ்டி என்ற சொல்லே மக்கள் பேச்சில் அப்படித் தேய்ந்திருக்கிறது. பிள்ளை வரம் வேண்டிக் கந்த சஷ்டிக்கு நோன்பிருக்கும் பெண்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்’ என்ற பழமொழிக்குச் சஷ்டியில் விரதமிருந்தால் அகத்துப் பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் என்று பெரியவர்கள் பொருள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பழமொழியின் நேர்ப்பொருள் சோற்றுச் சட்டிதான். ஆனாலும் அப்படி ஒரு விளக்கம் பிறந்து நிலைத்ததே இந்தத் திதிக்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பைக் காட்டுகிறது.

நீங்கள் பாட்டில் கேட்ட அம்மன் பெயரும் இந்தத் திதியின் பெயர்தான். சட்டி மையா, அதாவது சஷ்டித் தாய். வட இந்தியாவில் குழந்தை பிறந்த ஆறாம் நாள் சடங்கு இவளுக்கு உரியது. பச்சிளங்குழந்தைகளைக் காப்பவள் என்பது நம்பிக்கை. பீகாரில் கேட்டால் சூரியனின் தங்கை என்பார்கள். மகாபாரதத்தின் வனபருவத்தில் வரும் முருகன் கதையில், முருகன் மணக்கும் தேவசேனைக்குச் சஷ்டி என்றும் ஒரு பெயர் சொல்லப்படுகிறது; முருகன் தன் காரியத்தை முடித்த நாள் என்பதால் அது மகாதிதி என்றும் அங்கே வருகிறது. தேவசேனை நம் தெய்வயானை. உங்கள் தொழிலாளி வீட்டுப் பெண் நீரில் நின்று அழைத்த தாயும், அதே வாரம் திருச்செந்தூரில் முருகனுக்கு மணமான தெய்வயானையும் இந்தப் பழைய கதையில் ஒரே பெயருக்குள் நிற்கிறார்கள். இதைக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல மாட்டேன். கர்ணன், திரௌபதி, சீதை என்று சத் பூஜைக்குச் சொல்லப்படும் மற்ற கதைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எந்த விழாவுக்கும் காவியத்திலிருந்து ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மறையும் சூரியனுக்கு வருகிறேன். உதிக்கும் சூரியனை உலகமே வணங்கும், மறையும் சூரியனைப் பீகாரிகள் மட்டுமே வணங்குவார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது முழு உண்மையன்று. சந்தியாவந்தனம் செய்பவர்கள் மாலையில் மேற்கு நோக்கித்தான் அர்க்கியம், அதாவது சூரியனுக்குப் படைக்கும் நீர், விடுகிறார்கள். ஆனால் அது ஒருவர் தம் அளவில் மந்திரத்தோடு செய்யும் கடமை. சத் பூஜையில் ஓர் ஊரே நீரில் இறங்கி நிற்கிறது, பூசாரி தேவையில்லை, மந்திரத்தின் இடத்தில் பெண்களின் பாட்டு இருக்கிறது. அந்த மாலை அர்க்கியத்தைத் தனியாக எடுத்துப் பொருள் தேடினால் கிடைக்காது என்பது என் எண்ணம். மாலையில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஓர் இரவு. நோன்பு இந்த இரவைக் கடப்பதற்குத்தான். தளர்ந்து இறங்கும் சூரியனை வழியனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை ஒரு சொட்டு நீரும் அருந்தாமல் விழித்திருக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் தாய் விடியலுக்காகக் காத்திருப்பதை நினைத்துக்கொண்டால் இது உங்களுக்கு விளங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பாட்னாவில் ஒரு நண்பர் வீட்டில் இந்த நான்கு நாட்களும் தங்கியிருந்தேன். முதல் நாள் நீராடி, பச்சரிசிச் சோறும் சுரைக்காய் போட்ட கடலைப்பருப்பும் ஒரு வேளை. அதற்கும் முன்பே கோதுமையைக் கழுவி மாடியில் காயப்போட்டிருந்தார்கள். பறவை வாய் வைத்துவிடக் கூடாது என்பதற்காக நண்பரின் மகள் நாள் முழுவதும் கையில் குச்சியோடு காவல் இருந்தாள். வாழைத்தாரைக் கொத்த வந்து அம்பு பட்டு விழும் கிளியையும், அதற்காகச் சூரியனிடம் அழும் பெண்கிளியையும் பற்றி அவர்கள் பாடும் நாட்டுப்பாட்டின் பொருள் அந்த மாடியில்தான் எனக்கு விளங்கியது. இரண்டாம் நாள் மாலை, கர்னா என்பார்கள், மாவிறகு எரிக்கும் மண் அடுப்பில் வெல்லப் பாயசமும் ரொட்டியும் செய்து, நண்பரின் தாயார் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உண்ண உட்கார்ந்தார். அவர் காதில் யாராவது கூப்பிடும் குரல் விழுந்தால் அந்தக் கவளத்தோடு எழுந்துவிட வேண்டும். அதன் பிறகு சுமார் 36 மணி நேரம் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதனால் அந்த வீட்டில் பதினோரு பேர் மூச்சுக் காட்டாமல் நின்றோம். கைக்குழந்தையை ஒருவர் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கே போய்விட்டார்.

அப்போது எனக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்தது. அறுபது வயதைக் கடந்த ஒரு பெண் இப்படி உடலை வருத்திக்கொள்ள வேண்டுமா, அதுவும் ஆண்பிள்ளைக்காகவா என்று நண்பரிடம் கேட்டேன். ஆண்களும் இந்த நோன்பை இருக்கிறார்கள் என்றார். பிறகு, சலங்கை குலுங்க நடக்கும் பெண்பிள்ளை வேண்டும், படித்த மருமகன் வேண்டும் என்று சட்டி மையாவிடம் கேட்கும் பழைய பாட்டைத் தாயாரே பாடிக் காட்டினார். என் மனத்தாங்கல் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்தத் தாயாரை வருந்துகிறவராக மட்டும் பார்ப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

சாதியில்லாத விழா என்று சிலர் எழுதுகிறார்கள். பூசாரி இல்லை என்பது உண்மை. எல்லாச் சாதியினரும் ஒரே படித்துறையில் நிற்பதும் உண்மை. ஆனால் நீங்கள் பார்த்த அந்த முறத்தையும் மூங்கில் கூடையையும் முடைவது காலங்காலமாக ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட டோம் மக்கள். அவர்கள் கை படாமல் சட்டி மையாவுக்குப் படையல் இல்லை. பாட்னாவில் மண் அடுப்பு செய்து விற்பவர்களில் முஸ்லிம் பெண்கள் பலர் இருக்கிறார்கள். விழா முடிந்த பின்னும் இந்தக் கைகளுக்கு மதிப்பு இருக்கிறதா என்று கேட்காமல் சமத்துவம் என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாட்னாவில் கங்கை மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. அதனால் மாலையில் ஆறு வரும் திசையில் மறைந்த சூரியன் காலையில் அது போகும் திசையில் எழும். படித்துறையில் நிற்பவர் இடம் மாறாமல் திரும்பி நின்றால் போதும். சென்னையில் அந்தப் பெண்கள் மாலையில் கடலுக்கு முதுகு காட்ட நேர்ந்தது நம் கரை கிழக்குக் கரை என்பதால்தான். நீங்கள் மறுநாள் போயிருந்தால், அதே முறத்தோடு அவர்கள் கடலைப் பார்த்து, கட்டடம் எதுவும் மறைக்காத அடிவானத்தை நோக்கி நின்றிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூரியன் விளிம்பு தெரிந்ததும் முறத்தின் மேல் பாலும் நீரும் விடுவார்கள். பிறகுதான் நோன்பு முடியும்.

அடுத்த முறை அழைத்தால் விடியற்காலை நான்கரைக்கே போய்விடுங்கள். முறம், கூடை எதையும் தாண்டாதீர்கள். கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோதுமை மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்து, மர அச்சில் அழுத்தி இலை வடிவம் பதித்துப் பொரித்த தேக்குவா என்ற பலகாரம் தருவார்கள். தரும்வரை கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்க வேண்டாம். சத் பூஜையின் பிரசாதத்தைக் கைநீட்டிக் கேட்டு வாங்குவது அவர்களிடம் குறைவாகக் கருதப்படுவதில்லை, கேட்டால் மகிழ்வார்கள்.

அன்புடன்.