மூன்று மணி நேரம், நான்கு பாட்டு

கேள்வி: சார், கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசை) குழு நடத்துகிறோம். கையில் இருக்கும் காசுக்கு ஸ்டுடியோவில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க முடியும். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1976இல் ஒரே நாளில் ஒரு ரெகார்டை முடித்தது என்கிறார்களே, உண்மையா? எங்களால் முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: உண்மைதான். அந்த ரெகார்டின் பெயர் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், 1976 டிசம்பர் 28. மான்செஸ்டரில் இண்டிகோ என்ற 16 டிராக் ஸ்டுடியோ, அதாவது பதினாறு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். நான்கு பாட்டையும் வாசித்து முடிக்க மூன்று மணி நேரம், மிக்ஸிங்குக்கு இன்னும் இரண்டு. மொத்தமே ஐந்து மணி நேர வேலை. தெரிந்தவர்களிடம் கடனாகத் திரட்டிய 500 பவுண்டை வைத்துத் தாங்களே வெளியிட்டார்கள். டிரம்ஸ் வாசித்த ஜான் மேஹருக்கு அப்போது வயது 16. முதலில் அச்சடித்தது ஆயிரம் பிரதி. விற்றது 16,000.

அந்த உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது முறை வாசித்தபோது பதிவானது என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு பாட்டு மூன்றாவது டேக், ஓவர்டப் (பிறகு மேலே சேர்த்து வாசிப்பது) கிடையாது. மற்ற மூன்றும் முதல் டேக், அதன் மேல் கிட்டார் மட்டும் ஒரு தடவை. அறையில் நடந்தது இவ்வளவுதான் என்று காசு கொடுத்து வாங்குகிறவரிடமே சொல்லிவிட்டார்கள். இத்தனை வருடம் இந்த ரெகார்டிங் தொழிலில் இருந்துவிட்டேன், இவ்வளவு நேர்மையான உறையை அதிகம் பார்த்ததில்லை.

எப்படி முடிந்தது என்று கேட்கிறீர்கள். ஜூலையில் முதல் மேடை ஏறியவர்கள், அக்டோபரிலேயே இந்த நான்கு பாட்டையும் ஒருமுறை டெமோவாகப் பதிவு செய்து கேட்டுவிட்டார்கள். டிசம்பரில் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது பாட்டைப் பற்றி யோசிக்க எதுவும் மிச்சமில்லை. உங்களுக்கும் இதுதான் வழி. போகிற நாளுக்கு இரண்டு வாரம் முன்பே ஒத்திகையை போனிலாவது பதிவு செய்து கேளுங்கள். எங்கே வேகம் ஓடுகிறது, எங்கே வரி மறக்கிறது என்பதெல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். 1993இல் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளனாக இருந்தேன். உங்களைப் போலவே நான்கு பையன்கள் ஒரு கால்ஷீட் எடுத்து வந்தார்கள். கேபிள் இழுக்கும்போதே அவர்கள் சும்மா ஒரு பாட்டை வாசித்துப் பார்த்தார்கள், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் எங்கள் தலைமை இன்ஜினியர் ஒவ்வொருவரையும் ஒவ்வோர் அறையில் உட்கார வைத்து, டிரம்ஸ் சத்தம் சரிசெய்யவே மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். ரெகார்டு பட்டனை அழுத்தியபோது பையன்களின் கை ஓய்ந்திருந்தது. அந்த முதல் வாசிப்பை யாரும் பதிவு செய்யவில்லை. நானாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அது உறுத்துகிறது. அதனால்தான் சொல்கிறேன்: மைக் வைத்து முடித்ததும் 'சும்மா ஒரு தடவை' வாசிப்பதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லோரும் ஒரே அறையில் வாசித்தால் டிரம்ஸ் சத்தம் எல்லா மைக்கிலும் புகுந்துவிடாதா? தனித்தனியாக எடுப்பதுதானே சுத்தம்?
– வாசகி, திருச்சி

பதில்: புகும். கொஞ்சம் புகட்டும். பங்க் பாட்டில் டிரம்ஸ்காரரின் தோளைப் பார்த்துத்தான் கிட்டார்காரர் அடுத்த அடியை அடிக்கிறார். நடுவில் சுவரை வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டால் அந்த உந்துதல் போய்விடும். கசிவைக் குறைக்க வழி இருக்கிறது. பேஸ் கிட்டாருக்கு ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) வேண்டாம், டிஐ பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டி வழியாக நேரே ஸ்டுடியோவின் கன்சோலுக்கு, அதாவது மிக்ஸிங் மேசைக்குக் கொடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கிட்டார் ஆம்பை டிரம்ஸுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்து, நடுவில் ஒரு மெத்தையை நிறுத்துங்கள். டிரம்ஸுக்கு அடியில் கனமான பவானி ஜமக்காளம் விரித்தால் போதும், கிட் நகராது, தரையின் எதிரொலியும் அடங்கும்.

ஆம்புக்கு ஷூர் எஸ்எம்57 மைக் போதும். 1965இல் வந்த மாடல், இன்றும் ஏறக்குறைய எல்லா ஸ்டுடியோவிலும் கிடைக்கும். ஸ்பீக்கர் துணிக்கு ஓர் அங்குலம் முன்னால், கூம்பின் நடுப்புள்ளியிலிருந்து சற்றே விலக்கி வையுங்கள். நட்ட நடுவில் வைத்தால் காது கூசும்.

டிரம்ஸுக்கு நான்கு மைக் போதும். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்கு ஒன்று, குச்சியால் பளீரென அடிக்கும் ஸ்நேர் டிரம்முக்கு ஒன்று, மேலே இரண்டு. மேலே உள்ள இரண்டும் ஸ்நேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு கயிற்றை எடுத்து அளந்து பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். தூரம் மாறினால் ஒரே அடி இரண்டு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேரும். இரண்டையும் சேர்க்கும்போது ஸ்நேரின் கனம் போய், தகர டப்பா தட்டியது போல் ஆகிவிடும். அப்புறம் கம்ப்யூட்டரில் எந்த பிளக்-இன் (ஒலியை மாற்றும் மென்பொருள்) போட்டாலும் அந்தக் கனம் முழுதாகத் திரும்பாது. டிரம்ஸ்காரரிடம் சிம்பல் தட்டை மெதுவாக, ஸ்நேரை ஓங்கி அடிக்கச் சொல்லுங்கள். கசிவதில் மோசமானது சிம்பல்தான்.

குரலை ஒரு கைமைக்கில் கூடவே பாடி வையுங்கள். திருப்தியில்லையென்றால் கடைசியில் மறுபடி பாடிக்கொள்ளலாம்.

கேள்வி: என் கிட்டார் மிக மட்டமானது. ரெகார்டிங்குக்கு நல்லதாக ஒன்று வாடகைக்கு எடுக்கவா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். பஸ்காக்ஸ் குழுவின் கிட்டார்காரர் பீட் ஷெல்லி வாசித்தது மேல்பகுதி போன ஒரு மலிவான ஸ்டார்வே கிட்டார். 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'சில் அவர் வாசித்த ஒரு சோலோவில் இருப்பது இரண்டே சுரம், அதைத்தான் இன்றுவரை பேசுகிறார்கள். வாடகைக் காசில் புதுக் கம்பி மாற்றுங்கள். முந்தைய நாளே மாற்றி இழுத்துவிட்டால் சுருதி நிற்கும். மிச்சம் இருந்தால் ஸ்நேருக்குப் புதுத் தோல் போடுங்கள். ஆம்பில் டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை, மேடையில் வைப்பதில் பாதியாகக் குறையுங்கள். அப்போதுதான் கம்பியில் விரல் விழும் சத்தம் கேட்கும்.

இன்னொன்று, மூன்று பேருக்கும் சேர்த்து. அந்த ரெகார்டைத் தயாரித்த மார்ட்டின் ஹானெட், அதை மறுபடி மிக்ஸ் செய்ய ஆசைப்பட்டதாகவும், மூல நாடாவை ஸ்டுடியோ உரிமையாளர் அழித்துவிட்டதாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒரு ஹார்ட் டிஸ்க் எடுத்துப் போங்கள். மிக்ஸ் செய்த பாட்டு மட்டும் போதாது. ஒவ்வொரு டிராக்கையும், வேண்டாமென்று ஒதுக்கிய டேக்குகளையும் சேர்த்து வாங்கி, அங்கேயே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.