பிரவுசருக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: புது லேப்டாப் வாங்கினேன். "பிரவுசர், மெயில், பிடிஎஃப், ஆன்டிவைரஸ் எல்லாம் போட்டுத் தருகிறோம், அதற்குத் தனிக் கட்டணம்" என்கிறார் விற்றவர். எனக்குக் கம்ப்யூட்டர் பழக்கமே இல்லை. கொடுத்துவிடலாமா?

பதில்: கட்டணம் பொருளுக்கா, அவருடைய நேரத்துக்கா என்று முதலில் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். பொருளுக்கு என்றால் வேண்டாம், எல்லாமே இலவசம்.

பிரவுசர் என்பது இணையத் தளங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். விண்டோஸ் லேப்டாப்பில் எட்ஜ் என்ற பிரவுசர் வாங்கும்போதே இருக்கும், ஆப்பிளின் மேக்கில் சஃபாரி. குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ வேண்டுமானால் அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளலாம். பிடிஎஃப் கோப்பைப் படிக்கத் தனி மென்பொருள் தேவையில்லை, பிரவுசரே திறந்து காட்டும். விண்டோஸ் 11-இல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது. லேப்டாப்போடு வேறு ஏதாவது ஆன்டிவைரஸ் வந்திருந்தால் அது பெரும்பாலும் சோதனைக் காலத்துக்கு மட்டும்தான். காலம் முடிந்ததும் "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்று சிவப்பில் மிரட்டும். பயப்படாமல் அதை நீக்கிவிடுங்கள், டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். (பழைய லேப்டாப்பை வாங்கியிருந்தால் உள்ளே இருப்பது விண்டோஸ் 10-ஆ, 11-ஆ என்று பாருங்கள். 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள், 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.)

மெயில் கணக்கை மட்டும் இன்னொருவர் திறந்து கொடுக்க விடாதீர்கள். ஜிமெயில் இலவசம்தான், 15 ஜிபி இடமும் தருகிறார்கள். ஆனால் கணக்கு திறக்கும்போது கேட்கும் மொபைல் எண் யாருடையது என்பதுதான் முக்கியம். அவசரத்துக்கு அவர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், நாளைக்கு நீங்கள் பாஸ்வேர்டை மறக்கும்போது கணக்கை மீட்பதற்கான குறியீடு அவருடைய போனுக்குப் போகும். பாஸ்வேர்டை நீங்களே தட்டுங்கள், மெதுவாகத் தட்டினாலும் பரவாயில்லை.

கேள்வி: கூகுள், குரோம் இரண்டும் ஒன்றுதானே? தேடினால் முதலில் வருவதைத்தான் எப்போதும் திறக்கிறேன்.

பதில்: ஒன்றில்லை. குரோம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரவுசர். கூகுள் தேடல் அதற்குள் திறக்கும் ஒரு தளம்; ஃபயர்ஃபாக்ஸிலும் திறக்கும். இரண்டையும் ஒரே நிறுவனம் நடத்துவதால்தான் இந்தக் குழப்பம். பழகியவர்களுக்கே இருக்கிறது.

உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது இரண்டாவது வரி. தேடலில் முதலில் வருவது பல நேரங்களில் விளம்பரம். மேலே சின்னதாக 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருப்பார்கள். காசு கொடுத்தவர் முன்னால் நிற்கிறார், அவ்வளவுதான். போலித் தளம் நடத்துகிறவரும் விளம்பரம் கொடுக்க முயல்வார். எனவே வங்கி, மெயில் போன்றவற்றைத் தேடிப் போகாதீர்கள். முகவரியை மேலே உள்ள பட்டையில் ஒருமுறை சரியாகத் தட்டி, புக்மார்க் செய்துவிட்டால் (பிரவுசரிலேயே அந்த முகவரியைச் சேமித்துவைப்பது) அப்புறம் ஒரு கிளிக்தான்.

முகவரியைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டில் (/), அது இல்லையென்றால் முகவரியின் முடிவில் நின்று, அங்கிருந்து இடப்பக்கம் பின்னோக்கிப் படியுங்கள். 'மெயில்.கூகுள்.காம்' என்றால் கடைசியில் இருப்பது 'கூகுள்.காம்', அது கூகுளுடையது. 'கூகுள்.காம்.பரிசுமழை.நெட்' என்றிருந்தால்? கடைசியில் இருப்பது 'பரிசுமழை.நெட்'. முன்னால் கூகுள் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

"பூட்டுப் படம் இருந்ததே" என்று பலர் கேட்பார்கள். உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் அந்தப் பூட்டு சொல்கிறது. தளத்தை நடத்துபவர் யோக்கியர் என்று சொல்லவில்லை; போலித் தளங்களும் பூட்டு போட்டுக்கொள்கின்றன. ஜனங்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023-இல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குப் பணம் கட்டுகிறேன். கோப்பு இறக்கும்போது 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. எம்பிபிஎஸ் என்றால் ஒரு நொடிக்கு இத்தனை மெகாபிட். அவர்கள் விற்பது மெகாபிட் கணக்கில், உங்கள் திரை காட்டுவது மெகாபைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5, அதனால் 12 வந்தால் சரியாகவே வருகிறது. 3, 4 என்று இறங்கினால் வைஃபையை விட்டுவிட்டு, ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்குக் கேபிள் போட்டு ஒருமுறை பாருங்கள். அப்போதும் அதே வேகம் என்றால் புகார் கொடுங்கள்.