"சாவைப் பற்றியா என் மகள் படிக்க வேண்டும்?" தோவாளையிலிருந்து ஒரு தாய் கேட்ட கேள்வி

அன்புள்ள அம்மா,

நீட் கைவிட்டுப் போனதைக்கூட நீங்கள் தாங்கிக்கொண்டீர்கள். உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் செல்லின் சாவை ஆராயப் போவதாகச் சொன்னதுதான் உங்களை உலுக்கிவிட்டது. அந்தச் சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். கருவில் குழந்தையின் கை முதலில் துடுப்பு போல இருக்கும். நடுவே உள்ள செல்கள் தாமாக மடிந்தால்தான் விரல்கள் பிரியும். மடிய வேண்டிய செல் மடியாமல் பெருகும்போது புற்றுநோய்க்கு வழி பிறக்கிறது. இந்தச் சாவின் மரபணுக்களை ஒரு சிறு புழுவில் கண்டறிந்த ஆய்வுக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மகள் ஆசைப்படும் புரோட்டியோமிக்ஸை, அதாவது செல்லின் புரதங்களை மொத்தமாக ஆராயும் துறையை, உங்கள் கைத்தொழிலை வைத்தே சொல்கிறேன். செல் மடியும்போது கேஸ்பேஸ் என்னும் நொதிகள் புரதங்களை வெட்டுகின்றன. கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. பெரும்பாலும் அஸ்பார்டிக் அமிலத்தை அடுத்தே வெட்டு விழும். நீங்கள் கட்டும் பிச்சிப்பூ மாலையின் தொடக்க நுனியில் முடிச்சு இருக்கும். நடுவில் அறுத்தால் புது நுனியில் நார் பிரிந்து நிற்கும். மனிதப் புரதங்களில் பெரும்பாலானவற்றின் தலைநுனியும் அப்படி மூடியே இருக்கிறது. வெட்டில் பிறந்த நுனி திறந்திருக்கிறது. திறந்த நுனியில் மட்டும் ஒட்டும் ஓர் அடையாளத்தைச் சேர்த்து, அந்தத் துண்டுகளை மட்டும் பிரித்து, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஆராய்ந்தால், எந்தப் புரதம் எங்கே வெட்டுப்பட்டது என்று தெரிந்துவிடும். 2008-இல் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் வெல்ஸ் குழுவினர் இப்படி ஏறத்தாழ 300 புரதங்களை இனங்கண்டார்கள். எவ்வளவு அழகான வேலை!

ஆனால் அந்த அழகு தினமும் வாய்க்காது. கேஸ்பேஸ் வெட்டும் பார்ப் என்ற புரதம் வெட்டுப்பட்டதா என்று பார்க்க, புரதங்களை எடைவாரியாகக் கோடுகளாகக் காட்டும் சோதனை உண்டு. அதில் முழுப் புரதத்தின் 116 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) கோடு மங்கி, வெட்டுண்ட துண்டின் கோடு 89-இல் எழுகிறதா என்று காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் உழைப்புக்குப் பிறகு கோடே விழாமல் போவதும் உண்டு. மறுபடி முதலிலிருந்து தொடங்கும் மனம் வேண்டும். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதையும் மறைக்கமாட்டேன்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், முனைவர் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு முன் முதுகலையில் சேர ஜாம் (JAM), கேட்-பி (GAT-B) என்னும் தேசிய நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. ஜாம் தேர்வின் உயிரித் தொழில்நுட்பத் தாளில் பிளஸ் டூ கணிதமும் இயற்பியலும் வரும். பிளஸ் டூவில் கணிதம் எடுக்காத பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். இன்றிலிருந்தே பழைய கணிதப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கொட்டும் தரவை அலச நிரல் எழுதத் தெரிந்தால், பெங்களூரு, ஹைதராபாத் மருந்து நிறுவனங்களின் கதவையும் தட்டலாம்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு கோடை விடுமுறையை ஆய்வகத்தில் கழிக்கட்டும். திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் போதும். அங்குள்ள ஆய்வாளர்களுக்கு அவளே கடிதம் எழுத வேண்டும், நீங்களோ நானோ அல்ல.

இன்று இரவு பூக்கட்டி முடித்ததும் ஒரு துண்டு மாலையை அவள் கையில் கொடுத்து, படித்ததை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். புரியவில்லை என்று மூன்று முறை சொல்லுங்கள். நான்காவது முறையும் முகம் சுளிக்காமல் தொடங்குகிறாளா என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.