கோரல் டேங்குக்கு எந்த லைட்டு, எப்படி மாட்டுறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, காண்டோல 3 அடி டேங்க் போட்டிருக்கேன், 36க்கு 18க்கு 18 இன்ச், தண்ணியில நல்ல பாக்டீரியா வளர்ற சைக்கிள் எல்லாம் முடிஞ்சிருச்சு. ஒரு கடையில 165 வாட் கறுப்பு டப்பா லைட்டு ஒண்ணு போதும்ங்கிறாங்க, இன்னொரு கடையில அதுக்கு பல மடங்கு விலையில 90 வாட் லைட்டு ரெண்டு வாங்கச் சொல்றாங்க. இப்போதைக்கு ஸூவாந்திட், டார்ச் கோரலும், போகப் போக அக்ரோபோரா கோரலும் வைக்கணும்னு ஆசை. எதை வாங்குறது?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: தம்பி, முதல்ல வாட்டை மறந்திருங்க. லைட்டு எவ்ளோ கரண்டு இழுக்குதுன்னுதான் வாட் சொல்லும், கோரல் மேல எவ்ளோ வெளிச்சம் போய் விழுதுன்னு அது சொல்லாது. அதுக்கு ‘பார்’ (PAR)னு தனியா ஒரு அளவு இருக்கு, 400லேருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் உள்ள ஒளி ஒரு இடத்துல ஒரு செகண்டுக்கு எவ்ளோ விழுதுங்கிற கணக்கு. காளான் கோரல், ஸூவாந்திட், லெதர் இதுக்கெல்லாம் 50லேருந்து 150 இருந்தா சந்தோஷமா இருக்கும், டார்ச், ஹேமர் மாதிரி எல்பிஎஸ்சுக்கு, அதாவது சதைப்பிடிப்பான கல் கோரலுக்கு 75லேருந்து 150, அக்ரோபோராவுக்கு 200லேருந்து 350 வேணும். அதனால என்ன கோரல் வைக்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டுதான் லைட்டுக் கடைக்கே போகணும், இங்க எல்லாரும் லைட்ட வாங்கி மாட்டிட்டு அப்புறம் கோரலைத் தேடுறாங்க, அங்கதான் காசு வீணாப் போகுது.

எல்லா ரீஃப் லைட்டும் ஏன் நீலமா இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டா கடையில ஏமாற மாட்டீங்க. கோரலோட சதைக்குள்ள கண்ணுக்கே தெரியாத பாசி குடியிருக்கு, அது வெளிச்சத்துல சாப்பாடு தயார் பண்ணி அதுல பெரும்பங்க கோரலுக்குக் கொடுத்திரும். கடல்ல ஆழம் போகப் போக சிவப்பு ஒளி சீக்கிரமே செத்துப்போகும், நீலம்தான் கீழ வரைக்கும் இறங்கும், அந்தப் பாசியும் நீலத்தைப் புடிச்சுதான் வாழப் பழகியிருக்கு. அதனால ராயல் ப்ளூ, அதாவது 450 நானோமீட்டர் பக்கம், அதுதான் லைட்டோட முதுகெலும்பா இருக்கணும், கூட 400லேருந்து 420 பக்கம் கொஞ்சம் வயலட், கொஞ்சம் வெள்ளை. பச்சையும் சிவப்பும் துளி இருந்தா போதும்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். 90 வாட் வகையில கெஸ்ஸில், ரெட் ஸீ மாதிரி கம்பெனிங்க போடுற லைட்டு ஒண்ணு, சுமாரா 2 அடிக்கு 2 அடி இடத்தை நல்லாப் பாத்துக்கும், உங்க 3 அடிக்கு ரெண்டு கேக்குறது நியாயம்தான், கடைக்காரர் தலையில கட்டப் பாக்கல. ரெண்டு பக்கத்துலேருந்து வெளிச்சம் வந்தா இன்னொரு லாபமும் இருக்கு, ஒரே இடத்துலேருந்து வந்தா அக்ரோபோரா கிளையோட மறுபக்கம் நிழல்லயே கெடந்து வெளிறிப்போய் கடைசியில சதையே உரிஞ்சிரும். கறுப்பு டப்பா மட்டமான சாமான் இல்ல, அதுல அருமையா கோரல் வளர்க்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, 18 இன்ச் ஆழத்துக்கு அதை முழு பவர்ல ஓட்டவே தேவையில்ல. ஆனா 3 அடிக்கு ஒரே டப்பான்னா ரெண்டு ஓரமும் மங்கலாத்தான் இருக்கும், அங்க காளானையும் ஸூவாந்திட்டையும் வச்சுக்கங்க. என்னைக் கேட்டா இப்ப டப்பாவோட ஆரம்பிச்சு மிச்சக் காச தண்ணியக் குளிர வைக்கிற சில்லர் மெஷின்ல போடுங்க. பினாங்கு சூட்டுல 25, 26 டிகிரில தண்ணிய நிறுத்த முடியாத வீட்டுல எவ்ளோ நல்ல லைட்டு இருந்தும் அக்ரோபோரா நிக்காது.

கேள்வி: அண்ணா, ஹால்ல பிளாஸ்டர் சிலிங். லைட்ட மேலேருந்து கேபிள்ல தொங்கவிட ஆசை, என் வீட்டுக்காரர் ஸ்குரூ போட்டா போதும்ங்கிறார். சரியா வருமா? எவ்ளோ உயரத்துல தொங்கணும்?
– வாசகி, செந்தூல்

பதில்: தங்கச்சி, அவருகிட்ட இன்னைக்கே சொல்லிருங்க, பிளாஸ்டர் சிலிங்ல ஸ்குரூ வேணவே வேணாம். அது மெல்லிசான ஜிப்சம் போர்டு, தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குன்னு காலி சத்தம் கேக்கும். இன்னைக்குத் தாங்குற மாதிரிதான் தெரியும், ஆனா கீழ டேங்க்லேருந்து ராத்திரி பகலா ஈரம் மேல ஏறிக்கிட்டே இருக்கும், போர்டு ஊறி ஸ்குரூவப் புடிச்சிருக்கிற இடம் தளர்ந்து ஒருநாள் லைட்டு, வயரு எல்லாம் மொத்தமா உப்புத் தண்ணிக்குள்ள விழுந்திரும். கையி உள்ள இருக்கிற நேரத்துல விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

போர்டுக்கு மேல காங்கிரீட் ஸ்லாப் இருந்தா அதுல ஹேமர் டிரில்ல ஓட்டை போட்டு ஆங்கர் போல்ட்டு இறக்கி, அதுலேருந்துதான் கேபிள் கீழ வரணும், பிளாஸ்டர் சிலிங்ல அந்தக் கேபிள் நுழைய ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருந்தா போதும். காண்டோன்னா முதல்ல மேனேஜ்மென்ட்ட கேளுங்க, சில பில்டிங்ல ஸ்லாப்புக்குள்ள இறுக்கி இழுத்த ஸ்டீல் கேபிள் ஓடும், அது மேல டிரில் பட்டா பெரிய ஆபத்து. தாமான் வீட்டு மாடி ரூம்னா மேல ஸ்லாப்பே இருக்காது, மரச்சட்டமும் கூரை ஓடும்தான், அந்த மரச்சட்டத்துலதான் கொக்கி போடணும், அதுக்கு நடுவுல கண்ட இடத்துல போடக்கூடாது. லைட்டோட எடை எவ்ளோவோ அதுக்கு நாலஞ்சு மடங்கு தாங்குற கொக்கி வாங்குங்க, கேபிளும் கிளிப்பும் 316 ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கட்டும். முலாம் பூசின சாதா கம்பி உப்புக் காத்துல துருப்புடிச்சு, அந்தத் துருவும் துத்தநாகமும் தண்ணியில சொட்டும், இறாலுக்கும் கோரலுக்கும் அது ஆகாது. டிரில் போடுற அன்னைக்கு டேங்க் மேல பிளாஸ்டிக் ஷீட்ட போட்டு ஓரமெல்லாம் டேப் ஒட்டுங்க, சிமெண்டுத் தூள் உள்ள விழுந்தா பிஹெச் எகிறிரும்.

சிலிங்ல கையே வைக்க வேணாம்னா ஹார்ட்வேர் கடையில அலுமினிய புரொஃபைல் வெட்டி வாங்கி கேபினட்டோட பின்பக்கத்துல ரெண்டு கால் நட்டு மேல குறுக்குச் சட்டம் போட்டு அதுல தொங்கவிடுங்க, வாடகை வீட்டுக்கு நான் எப்பவும் இதத்தான் சொல்வேன், வீடு மாறும்போது கழட்டி எடுத்துட்டுப் போயிரலாம். டேங்க் கண்ணாடியிலயே கவ்வுற ஆர்ம் இருக்கு, அது ஓரமெல்லாம் ஃபிரேம் இல்லாத மெல்லிசு கண்ணாடிக்குக் கனமான லைட்டோட ஒத்துவராது.

உயரம் லென்ஸைப் பொறுத்தது. 90 டிகிரி லென்ஸ்னா எவ்ளோ உயரமோ அதுக்கு ரெண்டு மடங்கு அகலத்துல வெளிச்சம் விரியும், தண்ணிக்கு மேல 25 சென்டிமீட்டர்ல தொங்கினா தண்ணி மேல 50 சென்டிமீட்டர் வட்டம், உங்க டேங்க் அகலத்தோட ஒத்துப் பாருங்க. 120 டிகிரின்னா 20 சென்டிமீட்டர்லயே கிட்டத்தட்ட 70க்கு விரிஞ்சிரும், பாதி வெளிச்சம் ஹாலுக்குள்ள போய் கண்ணக் கூசும். பொதுவா 20லேருந்து 30க்குள்ள ஆரம்பிச்சு ஏத்தி இறக்கிப் பாருங்க, அதுக்காகவே கேபிள்ல நீளம் மாத்துற கிளிப் போட்டு வாங்கணும். கிட்ட இறக்கினா நடுவுல மட்டும் சூடா ஒரு வட்டம் விழும், ஓரம் இருட்டு, தண்ணியும் லைட்டுல தெறிக்கும்.

கேள்வி: டி5 டியூப்ப மாத்தி எல்இடி போட்டேன், ஒரே வாரத்துல என் ஹேமர் கோரல் சுருங்கி மேல்பக்கம் வெள்ளையாயிடுச்சு. லைட்டு பத்தலையா? பவர் கூட்டவா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: ஐயோ, கூட்டாதீங்க சார்! வெளிச்சம் பத்தாம போனா கோரல் மெதுவா பழுப்பாகும், வாயத் தொறந்துக்கிட்டு மேல மேல நீளும், அதுக்கு வாரக்கணக்குல மாசக்கணக்குல ஆகும். ஒரே வாரத்துல, அதுவும் லைட்டுப் பக்கம் பாத்த இடம் மட்டும் வெளுத்தா அது வெளிச்சம் ஜாஸ்தியாப் போன அடையாளம். உள்ள இருக்கிற பாசி தாங்க முடியாம நஞ்சு விட ஆரம்பிக்கும், கோரல் அதை வெளியே தள்ளிரும், பாசி போனதும் சதை கண்ணாடி மாதிரி ஆகி அடியில இருக்கிற வெள்ளை எலும்பு தெரியும். சூடும் சேந்தா இது ரெண்டு மடங்கு வேகமா நடக்கும். 2010ல கடல் சூடாகி புலாவ் பாயார், ரெடாங், தியோமான் பக்கம் கோரல் வெளுத்து சில முக்குளிக்கிற இடங்களையே கொஞ்ச நாள் மூடி வச்சாங்க, அதே கதைதான் வீட்டு டேங்க்லயும்.

இன்னைக்கே லைட்ட 30, 40 சதவீதத்துக்கு இறக்குங்க, ஹேமர டேங்க்கோட அடியில ஓரமா நிழல் பக்கம் வைங்க, தண்ணி 29 டிகிரி தாண்டுதான்னு பாருங்க. சதை இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்தா பயப்படாதீங்க, பாசி திரும்ப வந்து குடியேறும், பழைய நிறம் வர மாசக்கணக்கு ஆகலாம், நடுவுல ராத்திரி நேரத்துல பொடிசா மைசிஸ் இறால் ஊட்டி விடுங்க, ஏன்னா இப்ப அதுக்குச் சமையல்காரன் வீட்டுல இல்ல. சதை கழண்டு எலும்புல பச்சைப் பாசி ஏறினா அந்தப் பகுதி போச்சு. நல்லானதுக்கு அப்புறம் வாரத்துக்கு 5 சதவீதம்னு ஏத்துங்க. புது லைட்டு வாங்குற யாரா இருந்தாலும் இதேதான், பெட்டியத் தொறந்த அன்னைக்கே நூறுல ஓட்டாதீங்க, நாலு வாரமாவது எடுத்துக்கங்க.

கேள்வி: ஃபேக்டரியில 7க்கு 7 ஷிஃப்டு. வீட்டுக்கு வரும்போது லைட்டு அணைஞ்சிருது, என் டேங்க நானே பாக்க முடியல. ராத்திரியில ஓட்டலாமா?
– வாசகர், பிறை

பதில்: தாராளமா ஓட்டலாம். மணி என்னன்னு கோரலுக்குக் கவலையில்ல, தினமும் ஒரே நேரமா இருக்கணும், அவ்ளோதான். மத்தியானம் 2லேருந்து ராத்திரி 11 வரைக்கும் டைமர்ல போடுங்க, முதல் ஒரு மணி நேரமும் கடைசி ஒரு மணி நேரமும் மெதுவா ஏறி இறங்கட்டும், மொத்தம் எட்டு ஒன்பது மணி நேரம் போதும், ரசிக்கணும்னு பன்னெண்டு பதிமூணுக்கு இழுக்காதீங்க. மத்த நேரம் ரூம் இருட்டா இருக்கட்டும், ஜன்னல் வெயில் நேரா டேங்க்ல விழுந்தா திரை போடுங்க, அது தண்ணியையும் சூடாக்கும், கண்ணாடியில பாசியையும் வளக்கும்.

கேள்வி: ஃபோன் ஆப்ல லக்ஸ் அளந்து பார் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: நம்பாதீங்க. லக்ஸ் மனுஷக் கண்ணுக்கு ஏத்த கணக்கு, நம்ம கண்ணு 555 நானோமீட்டர் பச்சையிலதான் கூர்மை, நீலத்தை ரொம்பக் குறைச்சுப் பாக்கும். அதனால நீல லைட்டு பலமா அடிக்கும்போது ஃபோன் ஆப் கம்மியாக் காட்டும், நீங்க பவர ஏத்துவீங்க, கோரல் வெந்துரும். நேத்தைவிட இன்னைக்கு மங்கலா, இடது ஓரத்தைவிட வலது ஓரம் குறைவான்னு ஒப்பிட்டுப் பாக்க மட்டும் உதவும். உண்மையான கணக்கு வேணும்னா தண்ணிக்குள்ள விடுற பார் மீட்டர்தான், அபோஜி எம்க்யூ-510 மாதிரி, விலை ஜாஸ்தி, சொந்தமா வாங்க அவசியமில்ல, நண்பருங்க நாலு பேர் சேந்து வாங்குங்க இல்ல கோரல் வாங்குற கடையில ஒருநாள் கடன் கேளுங்க. அளக்கும்போது நடு, ரெண்டு ஓரம், பாறை உச்சி, மணல்னு அளந்து பேப்பர்ல டேங்க் படம் போட்டு குறிச்சு வைங்க, எந்தக் கோரலை எங்க வைக்கணும்னு அந்தப் படமே சொல்லும்.

கேள்வி: லைட்டோட ஃபேன் கரகரன்னு சத்தம் போடுது, சில நேரம் லைட்டு மங்கி மங்கி வருது. வாரண்டி முடிஞ்சிருச்சு.
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: ஃபேன் இறக்கையில வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க. ஃபேன் சுத்தலைன்னா லைட்டு சூடாகி தன்னைக் காப்பாத்திக்கத் தானே மங்கும், நிறைய லைட்டுல அப்படித்தான் செட் பண்ணியிருப்பாங்க. பிளக்கைக் கழட்டி, ஆறவிட்டு, சின்ன பிரஷ்ல உப்பைத் தட்டிட்டு, ஆர்ஓ தண்ணியில லேசா நனைச்ச துணியால தொடைங்க, நல்லாக் காஞ்சப்புறம்தான் போடணும். அப்பவும் கரகரன்னா அதே சைஸ், அதே வோல்ட்டு ஃபேன் எலக்ட்ரானிக் கடையில சில வெள்ளிக்குக் கிடைக்கும். கீழ லென்ஸ் மேலயும் உப்பு படியும், மாசத்துக்கு ரெண்டு தடவை தொடைங்க.

கையோட அடாப்டரயும் பாத்துருங்க. சம்ப், அதாவது டேங்குக்குக் கீழ இருக்கிற ஃபில்டர் தொட்டி பக்கத்துல தரையில கெடந்தா மேல ஏத்தி மாட்டுங்க, வயர் சாக்கெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி கீழ தொங்கி மேல ஏறணும், அப்பதான் வழியிற தண்ணி சாக்கெட்டுக்குள்ள போகாம கீழ சொட்டும். பிளக்கு, அடாப்டர்ல சிரிம் (SIRIM) பாதுகாப்பு ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. கரண்டு கசிஞ்சா தானா அணைக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் நிறைய வீட்டு மெயின்ல 100 மில்லிஆம்ப்தான் இருக்கும், டேங்க் சாக்கெட்டுக்குத் தனியா 30 மில்லிஆம்ப் ஒண்ணு போடச் சொல்லி லைசென்ஸ் உள்ள வயர்மேன்ட கேளுங்க, போட்டப்புறம் மாசாமாசம் அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க.