செட்டியார் சாமிக்கு ஒரு முழம் பூ

வணக்கம்.

விடுமுறைக்கு மதுரை வருகிறோம். கல்லூரியில் சேரப்போகும் மகனுக்கு மீனாட்சியம்மன் கோயிலோடு சமணர் மலை, கோரிப்பாளையம் தர்கா, இடைக்காட்டூர் தேவாலயம் எல்லாவற்றையும் காட்ட எனக்கு ஆசை. மாமனார் சம்மதிக்கவில்லை. "நம்பிக்கை இல்லாத இடத்தில் போய் நிற்பது வேடிக்கை பார்ப்பது. அடுத்தவர் சாமிக்கு அது அவமரியாதை" என்கிறார். மகன் கேட்பது வேறு: "இந்த மலையெல்லாம் முதலில் யாருடையது?" இருவருக்கும் என்ன பதில் சொல்வது?

க., ஓசூர்

அன்புள்ள க.,

உங்கள் மாமனாரின் தயக்கம் மரியாதையில் பிறந்தது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

எனக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது இரவில் அலறி எழும் பழக்கம் இருந்தது. டாக்டர் கொடுத்த மருந்தும் உள்ளே போனது. ஆனாலும் அம்மா மாலையில் என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் படிக்கட்டின் கீழே போய் நின்றார். என்னைப்போல் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். பாதிப் பேர் நெற்றியில் திருநீறு. மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள், ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடியே குனிந்து, ஓதி, ஒவ்வொரு பிள்ளையின் முகத்திலும் ஊதிவிட்டுப் போனார்கள். ஒருவரின் மூச்சில் ஏலக்காய் மணத்தது. பக்கத்தில் நின்ற பாட்டி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார், அதிலும் ஊதினார்கள். நீ யார், எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அரபியில் ஒரு சொல்கூடத் தெரியாது. அவர் வேடிக்கை பார்க்கப் போனார் என்று யாராவது சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

சித்திரையில் ஆற்றில் இறங்கும் அழகர் பிறகு வண்டியூர் போவதை, துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. சாமியே போகிற வீட்டுக்கு நாம் போகக் கூடாதா? இதை மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி மகனின் கேள்வி. திருப்பரங்குன்றத்தை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறான் என்று நினைக்கிறேன். அடியில் முருகன், மலைமேல் காசி விசுவநாதர், சிக்கந்தர் தர்கா, சமணர் படுக்கைகள் என எல்லாம் இருக்கும் மலை. யார் இடம் எதுவரை என்று கோடு போடுவது நீதிமன்றத்தின் வேலை. 1931-லேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு அது. அந்த மலையின் பெயரைச் சொன்னதும் முருகனுக்கு முன்னால் வழக்கு நினைவுக்கு வருவது எனக்கு வலிக்கிறது.

அவனைக் கீழக்குயில்குடிக்கு அழைத்துப் போங்கள். அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரம். அங்கேதான் சமணர் மலை தொடங்குகிறது. மலையின் தென்மேற்கே ஒரு குகை இருக்கிறது. உள்ளே சம்மணமிட்டு அமர்ந்த பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் ஞானி. காது தோளைத் தொடும். நீண்ட காதைப் பார்த்த ஊர்க்காரர்கள், கடுக்கன் போட்ட செட்டியார் என்று முடிவு செய்துவிட்டார்கள். குகைக்குப் பெயரே செட்டிப்புடவு. அனைத்தையும் துறந்தவரை வணிகராக்கியது தவறுதான். ஆனால் ஒரு மாலை நான் அங்கே இருந்தபோது, ஆடு மேய்க்கும் பெரியம்மா ஒருவர் கம்பை வெளியே சாத்திவிட்டு உள்ளே வந்தார். தலையில் இருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி அந்த மடிமீது வைத்தார். யார் சாமி என்று கேட்டேன். "செட்டியார் சாமி. நம்ம மலைச் சாமி" என்றார். மகாவீரர் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருப்பாரா தெரியாது. இங்கே துறவிகள் தங்கிய சமணப் பள்ளி ஓய்ந்து எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்த மடியில் பூ விழுகிறது.

அதே மலையில் ஒரு சிற்பத்தின் கீழே, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு வரி: அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு தாய் தன் பெயரை மகனோடு சேர்த்துக் கல்லில் விட்டுப் போயிருக்கிறார். நீங்கள் மகனோடு போய்ப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில் யாருடையது என்று கேட்டால் இந்த மலைக்கும், மதுரைக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி, மாங்குளம் மலைகளுக்கும் சமணர் என்றே பதில் வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அரிட்டாபட்டி சிக்கியபோது தெருவுக்கு வந்தவர்கள் மேலூர்ப் பக்கத்து விவசாயிகள். அங்குள்ள குடைவரைச் சிவனையும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள சமணக் குகையையும் அவர்கள் பிரித்துப் பேசவில்லை. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. யாருடையது என்பதைவிட யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மகன் கேட்கட்டும்.

மீனாட்சியம்மன் கோயிலில் நிற்கும்போது இன்னொன்றும் சொல்லுங்கள். 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்ற பிறகுதான் தலித் மக்களும் நாடார்களும் அந்தக் கோயிலுக்குள் போக முடிந்தது. அதுவரை, அவள் தெருவிலேயே வாழ்ந்தவர்களுக்கு அவள் வாசல் அடைத்திருந்தது. இதை அறியாமல் "நம் கோயில்" என்ற சொல்லை அவன் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன்.

தர்காவில் தலையை மூடிக்கொள்ளுங்கள். இடைக்காட்டூரில் பூசை நடந்தால் பின்வரிசையில் உட்காருங்கள், கேமரா வேண்டாம். சமணர் மலையில் சிற்பங்களைத் தொட வேண்டாம். பெயர் கிறுக்கியவர்கள் ஏற்கெனவே போதும்.

காலை ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள், பத்துக்கெல்லாம் பாறை சுடும். மாமனாரையும் அழைத்து வாருங்கள். ஏற முடியாவிட்டால் ஆலமரத்தடியில் அய்யனாருக்குத் துணையாக உட்கார்ந்திருக்கட்டும். ஏறும் முன் கீழேயே ஒரு முழம் பூ வாங்கி மகன் கையில் கொடுத்துவிடுங்கள்.